எண் ஏழின் இருநூற்றுப் பன்னிரண்டாம் நாள்

ஒரு பாட்டு பதினாறு பிள்ளைகளை என்ன செய்யும் என்று கண்டுபிடிக்கப் பாடல் தாக்க மதிப்பீட்டு மையத்துக்கு ஒரு பிற்பகல் போதும். மதியச் சாப்பாட்டுக்கு முன் பாட்டைக் கொடுத்துவிட்டால், நான்கு மணி டீ வருவதற்குள் கணினிக்குள் ஓராண்டு ஓடி முடிந்திருக்கும்.

பிள்ளைகள் நிஜப் பிள்ளைகள் அல்ல, அவர்களுடைய நிழல்கள். சென்னைப் பள்ளிகளில் பெற்றோர் ஒப்புதலோடு பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்து, மூன்று ஆண்டுகளாக அவர்கள் எழுதியது, பேசியது, பஸ் ஏறியது, சண்டை போட்டது எல்லாவற்றையும் சேகரித்துச் செய்து, வாராவாரம் புதுப்பிக்கும் நகல்கள். பிள்ளைகள் தனியாக வாழ்வதில்லை என்பதால் வீட்டுப் பெரியவர்களுக்கும் சுமாரான நிழல்கள் உண்டு. பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும். பாட்டைக் கேட்காமல் ஓர் ஆண்டு, கேட்டு ஓர் ஆண்டு என்று நிழல்கள் இருமுறை வாழும். பொய், அடிதடி, வகுப்புக்கு மட்டம், வீட்டை விட்டு ஓடுவது என்று ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் பாட்டின் தாக்கம்.

இந்த ஏற்பாடு வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஆபாச வரிகள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்று ஒரு கட்சியும், பாட்டுக் கேட்டு எவனும் கெட்டதில்லை என்று இன்னொரு கட்சியும் இருபது ஆண்டுகள் தொலைக்காட்சியில் கத்தின. இரண்டும் களைத்துப்போன ஒரு நாள் யாரோ, "அளந்து பார்த்துவிடலாமே" என்றார். அளந்தார்கள். பன்னிரண்டைத் தாண்டினால் பாட்டுக்குத் தடை, பாடியவருக்கு மூன்று ஆண்டுகள் மேடை கிடையாது. நான்கு ஆண்டுகளில் நானூறு பாட்டுகள் வந்தன. எதுவும் ஒன்பதைத் தாண்டவில்லை. தடை கேட்டவர்களுக்கு ஏமாற்றம். தடை வேண்டாம் என்றவர்களுக்கும் ஒன்பதா என்று ஒரு சங்கடம்.

இந்த நிலையில்தான் நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் 'டிரான்ஸ்பார்மர்' வந்தது.

"மேடம், முப்பத்தொண்ணு," என்றான் எட்வின்.

மதிப்பீட்டு அலுவலர் மரகதம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "மூணு புள்ளி ஒண்ணா?"

"புள்ளியே இல்ல மேடம். முழுசா முப்பத்தொண்ணு."

எட்வின் மையத்தில் சேர்ந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. அவன் தனியாக ஓட்டிய முதல் பாட்டு இது. முதல் பந்திலேயே விக்கெட் எடுத்தவனைப் போல முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ள மிகவும் சிரமப்பட்டான்.

மரகதம் பாட்டைக் காலையிலேயே கடமைக்காக ஒருமுறை கேட்டிருந்தார். மூன்று நிமிடம் பத்து விநாடி. பதினேழு கெட்ட வார்த்தைகள். எட்டாவது வரியில் வந்த ஒன்று மட்டும் நாற்பத்தெட்டு வயதான அவருக்குப் புதிது. அர்த்தம் என்ன என்று எட்வினைக் கேட்டார். எட்வின் தண்ணீர் குடிக்கப் போய்விட்டான்.

இயக்குநர் தொலைபேசியில் வந்தார். வெள்ளிக்கிழமை அமைச்சரே அறிவிக்கப் போகிறார், வியாழன் மாலைக்குள் அறிக்கையில் கையெழுத்து வேண்டும் என்றார். சரி என்று சொல்லிவிட்டு மரகதம் நாட்குறிப்புகளைப் புரட்டினார். அதிகப் புள்ளி வாங்கியது எண் ஏழு. பெண், வயது பதினாறு. முதல் பக்கத்தில், நிழல் நிஜத்தோடு ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்கச் சில சில்லறைப் பழக்கங்களைக் குறித்திருப்பார்கள். எண் ஏழின் பழக்கம்: திறந்த ஃபிரிட்ஜ் முன்னால் நின்றபடி, தயிர் சாதத்தில் சோன்பப்டியை உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுவது.

மரகதம் அந்த வரியில் நின்றுவிட்டார். இந்தக் காரியத்தைச் செய்யக்கூடிய ஒரே ஒரு ஜீவனைத்தான் அவருக்குத் தெரியும். அவர் பெற்றது அது.

ஊழியர் வீட்டுப் பிள்ளைகள் இந்தப் பதினாறில் இருக்கக்கூடாது என்பது விதி. உடனே எழுந்து போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்.

'நாள் 41: தாயிடம் பொய். நாள் 90: தாயுடன் பேச்சு நின்றது. நாள் 212: பையுடன் வீட்டை விட்டு வெளியேறியது. திரும்பவில்லை.'

வீட்டுக்கு வந்ததும் கணவர் தாமோதரனைப் பிடித்தார். "நிறைமதி ஸ்கூல்ல ஏதாவது ஆராய்ச்சிக்குக் கையெழுத்து போட்டீங்களா?"

"போட்டிருப்பேன். எதுக்குன்னு ஞாபகமில்ல. தண்ணி பாட்டில் குடுத்தாங்க, பச்சைக் கலர்ல." அவர் யோசித்தார். "நல்ல பாட்டில்."

மரகதம் நேராக மகளின் அறைக்குப் போனார். பையைத் திறந்தார். கோல்கீப்பர் கையுறை இரண்டு, அதன் வாடை, அரைப் பாக்கெட் சோன்பப்டி, வேதியியல் புத்தகம். வேறு ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது சந்தேகத்தைக் கூட்டியது. பக்கவாட்டு ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தபோது நிறைமதி குளித்துவிட்டு வந்தாள்.

"என்னம்மா தேடுற?"

"டிரான்ஸ்பார்மர்னு ஒரு பாட்டு. கேட்டியா?"

"ஸ்கூல் பஸ்ல எல்லாரும்தான் கேக்கறாங்க. ட்யூன் செமயா இருக்கும். மூணாவது சரணம் மட்டும் மொக்கை. கறுப்பா இருக்கற பொண்ணுங்களைக் கேவலமா பேசுறா. அவளே பொண்ணு, அவளுக்கு எதுக்கு இது?" தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "அதை விடு. கோவா ஃபார்ம்ல கையெழுத்து போட்டியா? வெள்ளிக்கிழமைதான் கடைசி."

அகில இந்தியப் பெண்கள் கால்பந்துப் பயிற்சி முகாம், ஆறு மாதம். தமிழ்நாட்டிலிருந்து நான்கு பேரைத்தான் எடுத்திருந்தார்கள். நிறைமதி அதில் ஒருத்தி. பத்து நாளாக அந்த விண்ணப்பம் சாப்பாட்டு மேசையில், ஊறுகாய் பாட்டிலின் அடியில் கிடந்தது.

"நீ எங்கயும் போக வேணாம்."

"என்னது?"

"போனைக் குடு."

"அம்மா, என்ன ஆச்சு உனக்கு? காரணம் சொல்லு."

"சொல்ல முடியாது."

"நான் என்ன பண்ணேன்?"

இன்னும் பண்ணவில்லை என்று மரகதத்தால் எப்படிச் சொல்ல முடியும்? போனை வாங்கிக்கொண்டார். அறைக்கதவு சாத்தப்பட்ட வேகத்தில் சுவரிலிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

"பாட்டில் வேணும்னா திருப்பிக் குடுத்துடலாம்," என்றார் தாமோதரன்.

பாடியவருக்கு ஓர் உரிமை உண்டு. தடைக்கு முன், ஏதாவது ஒரு நிழலின் ஆண்டை நேரில் பார்க்கலாம். வியாழன் மதியத்துக்குச் சற்று முன், பாட்டை எழுதிப் பாடிய ஸ்டெல்லா வந்தாள். இருபத்து மூன்று வயது, எண்ணூர். பகலில் ஏசி மெக்கானிக், ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டு. மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே மாடி ஏறி, கருவிக் கூடத்துக்குள் வந்து முதலில் மேலே பார்த்தாள்.

"இந்த ஏசி பதினெட்டுல ஓடுது மேடம். இருபத்தி நாலுல வெச்சீங்கன்னா மெஷினுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது."

"உக்காரும்மா," என்றார் மரகதம். இரவு சரியாகத் தூங்காத முகம். "எந்த எண்ணைப் பாக்கணும்?"

"எது ரொம்ப நாசமாப் போச்சோ அது."

எட்வின் எண் ஏழைப் போட்டான். திரையில் மனித முகங்கள் எதுவும் வராது. ஒரு வீட்டின் வரைபடம், அதற்குள் மகள், தாய், தந்தை என்று மூன்று வட்டங்கள், பக்கத்தில் ஓடும் எழுத்து. அவ்வளவுதான். முதல் நாள். ஹாலில் பாட்டு ஒலித்தது. மகள் வட்டம் அசைந்தது. தாய் வட்டம் சமையலறையிலிருந்து சட்டென்று ஹாலுக்கு வந்தது.

"நாள் மூன்று, தாய் போனை வாங்கியது," என்று எட்வின் படித்தான். "நாள் ஒன்பது, தாய் பையைச் சோதித்தது. நாள் பதினாலு, விளையாட்டு நிறுத்தம். நாள் இருபது, மறுபடியும் பை."

"இன்னா மேடம் இந்தம்மா இப்டி கீறாங்க?" என்றாள் ஸ்டெல்லா. "பொண்ணு இன்னும் ஒண்ணுமே பண்ணல. இவங்க போலீஸ் மாதிரி சுத்திக்கினு கீறாங்க."

நிழல் இருபது நாளில் செய்ததில் பாதிக்கு மேல் மரகதம் செவ்வாய்க்கிழமை ஒரே மாலையில் செய்து முடித்திருந்தார்.

"பொண்ணு பாட்டை எத்தினி வாட்டி கேட்டா?"

எட்வின் தட்டினான். "பதினோரு தடவை. அப்புறம் போர் அடிச்சு வேற பாட்டுக்குப் போயிட்டா."

"அப்ப யாருக்குத்தான் அது மண்டையில ஏறுச்சு?"

"தாய்க்கு. மனசுக்குள்ள முந்நூத்தி நாப்பது தடவை ஓடியிருக்கு."

ஸ்டெல்லா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு திரையை நெருங்கிக் குனிந்தாள். முதல் நாளை மறுபடியும் போடச் சொன்னாள். "தோ, இந்த மூணாவது வட்டம் ஏன் குதிக்குது?"

"அது தந்தை. காலால் தாளம்னு போட்டிருக்கு."

"அவருக்கு எப்டி கேக்குது? நான் வூடு வூடா ஏசி மாட்டப் போறவ மேடம். இந்த வயசுப் புள்ளைங்க எவளும் இந்தப் பாட்டை அப்பன் ஆத்தா எதிர்ல ஹால்ல போட மாட்டா. காதுல மாட்டிக்கினு மூஞ்சியை அப்பாவி மாதிரி வெச்சிருப்பா."

மரகதம் எட்வினைப் பார்த்தார். "ஒலி எந்த வழியா குடுத்திருக்கே?"

"ஸ்பீக்கர்ல மேடம்."

"இதுக்கு முன்னாடி நானூறு பாட்டும் இயர்போன்ல ஓடியிருக்கு."

எட்வின் எழுந்து நின்றான். "மேடம், எங்க வீடு ராயபுரத்துல. ஒரே ரூம், ஏழு பேர். ஒருத்தர் பாட்டுப் போட்டா தெருவே கேக்கும். காதுல மாட்டினா, 'நாங்க கூப்பிடறது கேக்காம அப்படி என்னடா ரகசியம்'னு எங்கம்மா ஒயரைப் பிடுங்கிடுவாங்க. மூணு பட்டன் இருந்துச்சு. பாட்டுன்னா ஸ்பீக்கர்தானேன்னு அமுக்கிட்டேன். யோசிக்கக்கூட இல்ல."

"இயர்போன்ல ஓட்டு. இப்பவே," என்றார் மரகதம்.

காத்திருந்த நேரத்தில் ஸ்டெல்லா நாற்காலி போட்டு ஏறி ஏசியின் வடிகட்டியைக் கழற்றி உதறினாள். நான்கு ஆண்டுத் தூசி. எட்வின் தும்மிக்கொண்டே இருந்தான். நான்கு மணி டீ வந்தபோது அவள் வடிகட்டியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தாள். கூடவே விடையும் வந்தது.

"ரெண்டு," என்றான்.

ஸ்டெல்லா நாற்காலியிலிருந்து குதித்தாள். "ரெண்டா? நான் இவ்ளோ கஷ்டப்பட்டு எழுதி ரெண்டுதானா?"

"சந்தோஷப்படும்மா," என்றார் மரகதம். அவருக்கே உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்கு இந்த ரெண்டு, எட்வின்?"

"ஒண்ணு, மூணாம் நம்பர். டெஸ்க்ல தாளம் போட்டு கிளாஸை விட்டு வெளிய அனுப்பிட்டாங்க. இன்னொண்ணு பன்னிரண்டாம் நம்பர், பையன்." எட்வின் குரலைத் தாழ்த்தினான். "மூணாவது சரணத்துல வர்ற வரியை ஒரு பொண்ணுகிட்டச் சொல்லியிருக்கான். கிளாஸ் முன்னாடி. தினமும். ஆறு வாரம்."

ஸ்டெல்லா டீ தம்ளரைக் கீழே வைத்தாள். "அந்தப் பொண்ணு என்ன பண்ணா?"

"தெரியாது. அவ இந்தப் பதினாறுல இல்ல. அவளுக்கு நம்பர் கிடையாது."

ஸ்டெல்லா கையிலிருந்த ஏசித் தூசியைப் பேண்ட்டில் துடைத்தாள்.

"அது என்னைச் சொன்னது மேடம்," என்றாள் ஸ்டெல்லா. "நான் கறுப்பு. ஸ்கூல்ல என்னைச் சொன்னதையெல்லாம் எடுத்து நானே பாடிட்டா அப்புறம் எவனும் சொல்ல முடியாதுன்னு நெனைச்சேன். மேடைல நான் பாடறப்ப எல்லாரும் சிரிக்கறாங்க, எனக்கு வலிக்கல. அவன் வாய்ல போய் அது வேற ஆயிடுச்சு."

"என் பொண்ணும் மூணாவது சரணம் பிடிக்கலன்னுதான் சொன்னா."

"உங்க பொண்ணு கேட்டுச்சா?"

"கேட்டிருக்கா. பதினோரு தடவைன்னு நினைக்கிறேன்," என்றார் மரகதம். எட்வின் நிமிர்ந்து பார்த்தான். திரையிலிருந்த தாய் என்ற வட்டத்தைப் பார்த்தான். பிறகு மரியாதையாகக் கீபோர்டைப் பார்த்தான்.

அறிக்கையை மரகதம் தானே தட்டச்சு செய்தார். இயர்போனில் இரண்டு. வீட்டார் கேட்க ஸ்பீக்கரில் முப்பத்தொன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள இருபத்தொன்பது புள்ளிகள் பாட்டினால் வந்தவை அல்ல, பாட்டைக் கேட்டுப் பெரியவர்கள் செய்தவற்றால் வந்தவை. மீதி இரண்டில் ஒன்று சிரித்துவிட்டுப் போகக்கூடியது, மற்றொன்று அப்படியல்ல. பாட்டுக்குத் தடை தேவையில்லை. எண் ஏழு என் மகள், செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இந்த அறிக்கையை வேறொருவர் சரிபார்க்கட்டும். கையெழுத்து.

இயக்குநர் பத்து நிமிடம் கத்தினார். அமைச்சரிடம் என்ன சொல்வது என்றார்.

"பிள்ளைங்களை அளந்தாச்சு, அடுத்து பெத்தவங்களை அளக்கப் போறோம்னு சொல்லுங்க சார்," என்றார் மரகதம். மறுமுனையில் இணைப்பு துண்டிக்கப்பட்டது.

ஸ்டெல்லா வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். "மூணாவது சரணத்தை மாத்தப் போறேன். யாரும் சொல்லி இல்ல. கெட்ட வார்த்தை பதினேழும் அப்டியே இருக்கும், சொல்லிட்டேன். ஒண்ணு வேணா கூடும்."

மாலை வீட்டில் நிறைமதி இன்னும் பேசவில்லை. இரண்டாம் நாள். மரகதம் போனை அவள் பக்கத்தில் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள், நிமிரவில்லை. ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிவிட்டு மரகதம் விண்ணப்பத்தை எடுத்தார். பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அதை முழுக்கப் படித்தார்.

எண்ணெய் படிந்த இடத்துக்குக் கீழே இருந்தது: 'வீராங்கனைகள் மே 31 மாலை நான்கு மணிக்கு சென்ட்ரல் ரயில் நிலையத்தில் கூட வேண்டும்.'

நிழல்களின் ஆண்டு நவம்பர் ஒன்றில் தொடங்கும். மரகதம் விரல் விட்டு எண்ணினார். நவம்பர் முப்பது. டிசம்பரோடு அறுபத்தொன்று. ஜனவரி, பிப்ரவரி. ஏப்ரல் முடிய நூற்று எண்பத்தொன்று. மே முப்பத்தொன்று.

இருநூற்றுப் பன்னிரண்டு.

அந்த நிழல் எங்கேயும் ஓடிப்போகவில்லை. கையெழுத்துக் கிடைக்காமல் ரயிலுக்குப் போயிருக்கிறது.

பால்கனிக்குப் போய் எட்வினை அழைத்தார். "இன்னிக்கு ஓட்டினதுல ஏழாம் நம்பர், இருநூத்திப் பன்னிரண்டாம் நாள் என்ன போட்டிருக்குன்னு பாரேன்."

"இருங்க மேடம்... இதுலயும் வீட்டை விட்டுப் போறாங்க மேடம். பையோட. ஆனா மெஷின் மார்க் போடல. ஏன்னு... ஆங், தாயும் கூடப் போகுது. ரெண்டு பைல ஒண்ணு தாய் கைல. தந்தை கைல பச்சை தண்ணி பாட்டில்."

"அப்புறம்?"

"தாயும் தந்தையும் மட்டும் திரும்பி வர்றாங்க." எட்வின் தயங்கினான். "மேடம், இன்னொரு விஷயம் இருக்கு. சொல்லலாமா?"

"சொல்லு."

"அன்னிக்கு சாயங்காலம் தாய் அந்தப் பாட்டைப் போட்டுக் கேக்குது. ஹால்ல, ஸ்பீக்கர்ல. நாலு தடவை."

மரகதம் போனை வைத்துவிட்டு உள்ளே வந்தார். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டு மகள் முன்னால் நகர்த்தினார். நிறைமதி அதைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், மறுபடியும் அதைப் பார்த்தாள். பிறகு நாற்காலி சாயும்படி எழுந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எப்படிம்மா மனசு மாறுச்சு?"

"அப்புறம் சொல்றேன். முதல்ல நீ ஒண்ணு சொல்லு. அந்தப் பாட்டுல எட்டாவது வரில ஒரு வார்த்தை வருதே, அதுக்கு என்னடி அர்த்தம்?"

நிறைமதி தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள்.